பென்னோ வெட்டிய பிலிம்

மூஸ்பாக் ஊர்க் கடைத்தெருவில் சோப்பு, சாயம், எலிமருந்து, இருமல் மிட்டாய் எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கிற கடை ஒன்று உண்டு. அதன் பின்கட்டில் பிலிம் கழுவும் இருட்டறை. அங்கே வேலை பார்த்தவர் கடைக்காரரின் மருமகன். இங்கிலீஷ்காரனோடு போர் மூண்டு அவரைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனதும், முன்பக்கம் தராசருகே நின்றிருந்த விற்பனைக்காரி ஒட்டிலியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். “பால் காய்ச்சத் தெரிஞ்ச பொம்பளைக்கு இது ஒரு வித்தையா?” என்றார் கடைக்காரர். ஆரம்பத்தில் சில ரோல்களைப் பாழாக்கித் திட்டு வாங்கினாள். ஒரு குளிர்காலம் போவதற்குள் கை பழகிவிட்டது. அதற்குப் பிறகு அவளிடம் யாரும் குறை சொல்லவில்லை.

அந்த வருடங்களில் ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்தார்கள். வீட்டில் கேமரா வைத்திருந்தவன் துப்பாக்கியோடு அதையும் தூக்கிக்கொண்டு போயிருந்தான். பட்டாளத் தபாலில் ரோல்கள் வந்துகொண்டே இருக்கும். எந்தப் படம் யார் யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று உறை மேல் பென்சிலால் எழுதியிருக்கும். ஒட்டிலி பக்கத்து மாவட்டத்து ஏரியைத் தாண்டிப் போனதில்லை. அவள் கழுவிய பிலிம்களை மட்டும் நம்பினால், போர் என்பது ஆண்பிள்ளைகள் சட்டையைக் கழற்றுவது. சட்டையில்லாமல் சவரம், சட்டையில்லாமல் சீட்டாட்டம், சட்டையில்லாமல் ஒட்டகச் சவாரி. நடுநடுவே நொறுங்கிக் கிடக்கும் ஒரு இங்கிலீஷ் லாரியும், அதன் மேல் காலை வைத்துப் பல்லைக் காட்டும் நாலு பேரும். வேட்டைக்காரன் விழுந்த மானோடு நிற்பானே, அதே நிற்பு.

யார் நாட்டு மண்ணில் யார் போய் நின்றுகொண்டு இந்தச் சிரிப்பு என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஒட்டிலியும் கேட்கவில்லை. தெளிவாக வந்த படங்களைக் கடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் குத்திவைப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற கூட்டம் நின்று பார்த்து, “நம்ம பையன் கறுத்துட்டான்” என்று சந்தோஷப்பட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகும்.

அவள் புருஷன் ஆல்பனும் அங்கேதான் இருந்தான். தண்ணீர் லாரி ஓட்டினான். 1942 கோடையில் செத்துப்போனான். எதிரியின் குண்டு, வலி தெரியாமல், வீரனாக என்று கம்பெனித் தலைவர் எழுதியிருந்தார். எல்லா வீட்டுக்கும் அவர் அப்படித்தான் எழுதினார். அந்தக் கடிதங்களின்படி பார்த்தால் மூஸ்பாக்காரன் ஒருவன் கூட வலி தெரிந்து சாகவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பென்னோ ஒற்றைக் காலோடு திரும்பி வந்தான். ஆல்பனோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவன், பீரங்கிக்காரன். படி ஏற முடியாமல் கடை வாசலிலேயே நின்று, மூன்று படங்கள் மட்டும் கொண்ட ஒரு பிலிம் துண்டை அவள் கையில் வைத்தான். “நேப்பிள்ஸ்ல ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அங்கேயே கழுவிட்டேன். இது உனக்கு,” என்றான். மூன்றும் ஒரே காட்சிதான்: கற்களைக் குவித்த மேடு, மரச்சிலுவை, ஆல்பன் ஹெல்மர் என்று எழுதிய பலகை. தன் புருஷனின் கல்லறையை ஒட்டிலி தானே பிரிண்ட் போட்டாள். மருந்துத் தட்டில் அவன் பெயர் மெல்லக் கறுத்து வந்தபோது அழக்கூட முடியவில்லை, கண்ணீர் தட்டில் விழுந்தால் கறை படும். கல்லறைத் திருநாளில் மற்ற பெண்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், அவள் அந்தப் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவாள்.

மாக்னுஸ் எபர்லே வந்தது 1946 இலையுதிர் காலத்தில். பென்னோ இருந்த அதே பீரங்கிக் குழுவில் இருந்தவன், அமெரிக்கக்காரர்களின் சிறைமுகாமிலிருந்து திரும்பியிருந்தான். ஊர்ப் பாலாடைக்கட்டிப் பட்டறையில் பழைய வேலை கிடைத்துவிட்டது. ஒரு நாள் துணியில் சுற்றிய பாலாடைக்கட்டியோடு, கடைக்கு மேலே அவள் குடியிருந்த மாடி அறை வாசலில் வந்து தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு நின்றான். மழையைப் பற்றிப் பேசினான். அவள் கொடுத்த வறுத்த பார்லிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். அடுத்த வாரமும் வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான். அடுப்புக் குழாயைச் சரிசெய்தான். ஜன்னலுக்குக் கொக்கி போட்டான். ஆல்பனைப் பற்றி அவள் ஒரே ஒருமுறை கேட்டாள். “நல்லவன்,” என்று சொன்னவன், மேலே சொல்ல முடியாமல் அழுதுவிட்டான். தன் புருஷனுக்காக இன்னொரு ஆண்பிள்ளை அழுததைப் பார்த்ததும் ஒட்டிலிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

பிடித்துப்போயிற்று என்றால் சும்மா இல்லை. படியில் அவன் காலடி கேட்டால் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்யும். முப்பத்துநாலு வயதில், எலிமருந்து நாற்றம் ஏறிவரும் ஒற்றை அறையில், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும். 1948-இல் பழைய பணம் செல்லாமல் போய்ப் புதுப் பணம் வந்து, கடைகளில் சாமான் தென்பட ஆரம்பித்த கோடையில் அவன் கேட்டான், அவள் யோசிக்காமல் சரி என்றாள். கோவிலில் இரண்டு ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான்.

அந்த வாரம்தான் பென்னோவின் மனைவி வேவா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

“ஏண்டி கல்யாணப் பொண்ணு, இருட்டுலயே கிடந்து இப்படி வெளுத்துக் கிடக்கிறியே. மாக்னுஸ் உன்னையும் பாலாடைக்கட்டின்னு நெனச்சு உப்புத் தடவி அலமாரியில வச்சிடப் போறான்.”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? என்னடி டப்பா?”

“எங்க வீட்டு ஆப்பிரிக்கா, எல்லாம் பிலிம். அலமாரி மேல, பழைய செருப்புக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கு இந்த மனுஷன். ஒரு படம் எடுத்து மாட்டுன்னா மாட்டாது. ஊர்ல எல்லார் வீட்டுலயும் ஒட்டகம் தொங்குது, எங்க வீட்டுல மட்டும் கேலண்டர். சரி, மாப்பிள்ளையும் இவரும் ஒரே பீரங்கிதானே, கல்யாணத்தன்னைக்கு ஒரு ஆல்பம் போட்டுக் கையில குடுத்தா வாயப் பிளந்து நிப்பாங்கள்ல?”

“பென்னோகிட்ட கேட்டியா?”

“கேட்டா குடுக்குமா? அந்த ஒத்தக்கால் சும்மா சும்மா அலமாரி மேல ஏறிப் பாக்கப் போறதில்ல. நீ சத்தம் போடாம சனிக்கிழமைக்குள்ள போட்டுடு. மாக்னுஸ் இருக்கிற படமாப் பாத்து எடுடி, உன் ஆளுதான, கண்டுபிடிக்கக் கஷ்டமா?”

கஷ்டமில்லை. நெகட்டிவில் முகம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் தெரியும். மற்றவர்களுக்கு எல்லாரும் பேய்தான், ஒட்டிலிக்கு நிற்கிற விதத்திலேயே ஆள் தெரியும். மத்தியானம், கீழே விளக்கு எரியும் கண்ணாடியின் மேல் ரோல்களை ஒவ்வொன்றாக விரித்து, மாக்னுஸ் வருகிற இடங்களைப் பார்த்துக்கொண்டே போனாள். மாக்னுஸ் பல் விளக்குகிறான், மாக்னுஸ் தர்பூசணி தின்கிறான். தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டாள்.

டப்பாவின் அடியில் கிடந்த கடைசி ரோல் குட்டையாக இருந்தது. மற்றதெல்லாம் முழுசு, இது மட்டும் கத்தரிக்கோலால் வெட்டியது. வெட்டும் நேராக இல்லை, அவசரத்தில் வெட்டினது போலக் கோணலாக ஒரு படத்தின் ஓரத்தையும் தின்றுகொண்டு போயிருந்தது. அந்தக் கோணலை ஏற்கெனவே பார்த்தது போல ஒட்டிலிக்கு இருந்தது. மாடிக்குப் போய்த் தன் செபப் புத்தகத்திலிருந்து பென்னோ கொடுத்த துண்டை எடுத்து வந்தாள். இரண்டையும் கண்ணாடி மேல் சேர்த்துவைத்தாள். கிழித்த காகிதம் சேர்வது போலச் சேர்ந்தது.

பிரிண்டை எப்படி வேண்டுமானாலும் முன்பின்னாக ஒட்டலாம், எந்தப் படத்தின் பக்கத்தில் எதை வைத்தும் கதை சொல்லலாம். பிலிமில் அது நடக்காது. எது முதலில் நடந்ததோ அதுதான் முதலில் இருக்கும். ஆல்பனின் கல்லறைப் படங்களுக்கு முன்னால், அதே பிலிமில், நான்கு படங்கள் இருந்தன. முதலாவதில் தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் லாரி, மொட்டை மூக்கு, இங்கிலீஷ்காரன் லாரி. இரண்டாவதில் அதே லாரி சாய்ந்து நின்று மூக்கில் புகைந்தது. மூன்றாவதில் லாரியை ஒட்டி நாலு பேர். நடுவில் மாக்னுஸ், வண்டிப் படியில் ஒரு காலை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வண்டிக் கதவு மூடியிருந்தது.

நான்காவது கோணலாக இருந்தது, கேமராவை யாரும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை, விரல் தானாக அழுத்தியிருக்கும். ஒருவன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடியிருந்தான். மாக்னுஸ் கதவைத் திறந்துகொண்டிருந்தான். அவன் உள்ளங்கை பட்டுப் புழுதி வழிந்த இடத்தில், கதவின் மேல் வெள்ளை விளிம்பு போட்ட சிலுவை தெரிந்தது. சொந்தப் பட்டாளத்தின் அடையாளம் அது.

அதற்கு மேல் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிடிபட்ட இங்கிலீஷ் லாரிகளில்தான் நம் பையன்கள் பாதிப் பேர் போனார்கள். அந்தப் படங்களையும் அவளேதான் கழுவியிருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் கடைக்காரர் குத்தியும் வைத்திருக்கிறார். ஆல்பனுக்கும் அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் மேல் இவர்கள் சுட்டிருக்கிறார்கள்.

மூன்றாவதையும் நான்காவதையும் மட்டும் பிரிண்ட் போட்டாள். கை வேலை செய்துகொண்டே இருந்தது. நியாயமாக யோசிக்கப் பார்த்தாள். புழுதி, வெயில், தூரம், யாருக்கும் நடக்கக்கூடிய தவறு. அதை மன்னிக்க முடியும் என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் கண் திரும்பத் திரும்ப அந்த மூடிய கதவுக்கே போனது.

மறுநாள் காலை பாலாடைக்கட்டிப் பட்டறைக்குப் போனாள். மாக்னுஸ் ஆளுயரச் செம்புக் கொப்பரைக்கு முன்னால் நின்று நீளத் துடுப்பால் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் கையை எடுத்தால் அன்றைய பால் முழுக்கக் குப்பை.

“தரை ஈரம். பாத்து வா, வழுக்கிடும்,” என்றான் சந்தோஷமாக.

அவள் கொப்பரையின் மறுபக்கம் போய் நின்று இரண்டு படங்களையும் அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவன் பார்த்தான். துடுப்பு நிற்கவில்லை.

“பென்னோ குடுத்தானா?”

“வேவா குடுத்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. குறி பாத்தது யாரு?”

“நான்தான்.” ஆவி அவன் முகத்தை மறைத்து மறைத்து விலகியது. “ஒட்டிலி, அவன்னு தெரியாது. அந்தப் பக்கத்துலேருந்து வர்ற எதுவும் நம்மளது இல்லன்னு சொல்லியிருந்தாங்க. நம்மளதுன்னு காட்ட வண்டி மூக்குல நம்ம கொடி விரிச்சிருக்கணும், விரிக்கல. சிலுவை மேல புழுதி...”

“தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதக் கேக்க வரல. இதுல எல்லாரும் சிரிக்கிறீங்க. அடுத்ததுல நீ கதவத் திறக்கிற. அப்ப சிரிக்கிறப்ப கதவு மூடிக் கிடந்துச்சு.”

“ஆமா.”

“உள்ள யாரு, உசுரோட இருக்காங்களான்னு ஒருத்தரும் பாக்கல.”

“குதிச்சு ஓடியிருப்பாங்கன்னு நெனச்சோம்.”

“பாக்கல.”

“பாக்கல.”

“முதல்ல படம் எடுத்துக்கிட்டீங்க.”

அவன் துடுப்பை மறு கைக்கு மாற்றிக் கிண்டினான்.

“எவ்வளவு நேரம் மாக்னுஸ்?”

“வெயிலு கண்ணுல அடிக்குதுன்னு பென்னோ எங்கள மாறி நிக்கச் சொன்னான். லென்ஸ்ல மணலு. துடைச்சான். யாரோ ஜோக்கு சொன்னாங்க. அவ்வளவு நேரம்தான்.”

“திறந்தப்ப உசுரு இருந்துச்சா?”

அவன் குனிந்து பாலைப் பார்த்தான். “கொஞ்சம்.”

ஒட்டிலி கொப்பரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சூடு உறைத்தும் கையை எடுக்கவில்லை.

“ஏதாவது பேசினானா?”

“உன் பேரச் சொன்னான்னு சொல்லத்தான் முதல்ல உன் வீட்டுக்கு வந்தேன். ஆனா அவன் ஒண்ணும் சொல்லல, ஒட்டிலி. என்னப் பாத்தான், அவ்வளவுதான். வாசல்ல நின்னப்ப பொய்யும் வாயில வரல, நெசமும் வரல.”

“அப்புறம் எதுக்கு மறுபடி வந்த?”

“நீ காப்பி குடுத்த. அடுத்த வாரம் சொல்லிடலாம்னு வந்தேன். அதுக்கடுத்த வாரம் சொல்லிடலாம்னு வந்தேன். அப்புறம் சொல்றதுக்காக வரல. உனக்காகத்தான் வந்தேன்.”

அவன் சொல்வது உண்மை என்று ஒட்டிலிக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. பொய்யனாக இருந்தால் ஒரு அறை கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். இவ்வளவுக்குப் பிறகும் அவன் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கை நீண்டது, இழுத்துக்கொண்டாள்.

“கேளு,” என்றாள். “ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. இந்தக் கல்யாணத்துக்கு விக்கினம் தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு பங்குச் சாமி கேப்பாரு. அப்ப நீ எந்திரி. எதிரி இல்ல, நாங்கதான் சுட்டோம்னு சொல்லு. படம் எடுத்துட்டுத்தான் கதவத் திறந்தோம்னும் சொல்லு. கோவில் சுவத்துல அவன் பேரு இருக்கு, எதிரி குண்டுன்னு வெட்டி வச்சிருக்காங்க. ஆறு வருஷமா அதுக்கு முன்னால முட்டி போடறேன்.”

“ஊரே இருக்கும், ஒட்டிலி.”

“ஊரே இருக்கணும். சிரிச்ச படத்த ஊரே நின்னு பாத்துச்சு, இல்ல?”

“சொன்னா?”

“சொன்னா, பூசை முடிஞ்சு வெளிய வர்றப்ப உன் பக்கத்துல நான் நடப்பேன். எவன் என்ன சொன்னாலும் நடப்பேன். கல்யாணமும் உண்டு.”

“சொல்ல முடியலேன்னா?”

“பாலப் பாரு, அடி பிடிக்கப் போகுது,” என்று சொல்லிவிட்டு ஒட்டிலி வெளியே வந்தாள்.

வியாழன், வெள்ளி, சனி அவன் வரவில்லை. அவளும் போகவில்லை. கல்யாணப் பாவாடைக்கு விளிம்பு தைத்தாள். தைக்காமல் விட்டால் அவன் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிரம்பியிருந்தது. பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். வேவா இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, “ஆல்பம் ஆச்சாடி?” என்று காதைக் கடித்தாள். “ஆகும்,” என்றாள் ஒட்டிலி. எதிர்ப்பக்கம் பென்னோ ஊன்றுகோலை மடியில் கிடத்தியிருந்தான். அவனுக்கு முன் பெஞ்சில் மாக்னுஸ், கறுப்புக் கோட்டு, புதிதாக வெட்டிய முடி. பிடரி சிவந்திருந்தது.

பிரசங்கம் முடிந்து சாமி காகிதத்தைப் பிரித்தார். விதவை ஒட்டிலி ஹெல்மர், இளைஞன் மாக்னுஸ் எபர்லே, மூன்றாவதும் கடைசியுமான ஓலை. விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள். அந்த ஊரில் அந்த இடைவெளியில் எவரும் எழுந்தது கிடையாது, கிழவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொள்வதற்கு என்றே ஏற்பட்ட இடைவெளி அது. கனைத்தார்கள்.

மாக்னுஸின் கை முன் பெஞ்சின் முதுகைப் பற்றியது. தோள் முன்னால் சாய்ந்தது. எழு, எழுந்துவிடு என்று ஒட்டிலி உதட்டுக்குள் சொன்னாள். கடவுளிடம் கூட அவள் அப்படிக் கெஞ்சியதில்லை. அவன் கை பெஞ்சை விட்டுவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை எடுத்தது. சாமி காகிதத்தைத் திருப்பி, பங்குக் காட்டில் விறகு ஏலம் என்று படிக்க ஆரம்பித்தார்.

ஒட்டிலி எழுந்தாள்.

“சாமி. விக்கினம் இருக்கு.”

கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, அடி வாங்கி அடங்கினார்கள். சாமி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“ஒட்டிலி, அது உன் ஓலைதானேம்மா?”

“என் ஓலைதான், சாமி.”

“என்ன விக்கினம்?”

வேவா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருடி, பைத்தியமா உனக்கு? மானம் போகுது.” பென்னோ மட்டும் அவளைப் பார்க்கவில்லை. வேவா பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“சொல்ல வேண்டியவரு வலப்பக்கம் உக்காந்திருக்காரு, சாமி,” என்றாள் ஒட்டிலி. “அவரு எந்திரிக்கிற வரைக்கும் நான் நிக்கிறேன்.”

சாமி ஆண்கள் பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். ஒட்டிலி கொப்பரைச் சூட்டில் கொப்புளித்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமி காத்திருந்தார். விறகு ஏலத்தை மறந்துவிட்டு நெடுநேரம் காத்திருந்தார்.

மாக்னுஸ் எழுந்திருக்கவில்லை.